‘ரொம்ப சிம்பிளா இருக்கேப்பா’

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றில் நடந்த சிம்போசியத்தில் வெப் டிசைன், கோடிங் இரண்டுக்கும் பேர் கொடுத்திருந்தேன். காலையில் வெப் டிசைன், மூன்று மணி நேரம். உங்கள் ஊருக்குப் பயன்படும் ஒரு தளம் செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு நேர அட்டவணையை ஒரே பக்கமாகச் செய்தேன். லைப்ரரி என்று பிறர் எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் எதுவும் இல்லை, மொத்தமே 9 கேபி. முதல் பரிசு வாங்கியவர்களின் பக்கத்தில் பூமி உருண்டை சுற்றியது, பின்னணியில் புள்ளிகள் பறந்தன, திறக்கும்போதே நூறு வரை எண்ணிக்கொண்டு ஒரு லோடிங் வந்தது. நடுவர் என்னிடம், ‘ரொம்ப சிம்பிளா இருக்கேப்பா, இன்னும் கொஞ்சம் ரிச்சா பண்ணியிருக்கலாமே’ என்றார். மதியம் கோடிங். நான்கு கேள்வியில் இரண்டுதான் முடித்தேன். மூன்றாவதற்கு, பகுதிப் பகுதியான கூட்டுத்தொகைகளை மரம்போல அடுக்கி வைக்கிற செக்மென்ட் ட்ரீ எழுதினேன், அதில் பிழையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. அதற்கு, முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வருகிற பிரிஃபிக்ஸ் சம் போதுமே என்று பஸ்ஸில் வரும்போது நண்பன் சொன்னான். எளிமைதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பரிசு மட்டும் வேறு பக்கம் போகிறது. இனி அனிமேஷன், ரியாக்ட் லைப்ரரி எல்லாம் படித்துவிட்டுத்தான் போட்டிப் பக்கம் போக வேண்டுமா? ஃபைலை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் பக்கத்தை முதலில் என் மேஜையில் இருக்கும் பெரிய திரையில் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிளிக் செய்த உடனே வந்து நின்றது, தேவையில்லாத ஒரு கோடுகூட இல்லை. அப்புறம் அதையே போனில் போட்டுக்கொண்டு மத்தியானம் வாசலில் போய் வெயிலில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, அதுவும் பொடி எழுத்து. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார் இல்லையா? கையை வைத்து மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். 64 பஸ்கள், காலையில் தொடங்கி ராத்திரி வரை ஒரே பட்டியல். 5.40 என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. காலை, மாலை என்று எங்கேயும் போடவில்லை. மேலே இருப்பது காலை, கீழே இருப்பது மாலை என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதை டைப் செய்தது நீங்கள். சாயங்காலம் நாலேகாலுக்கு வந்து நிற்கிற ஒரு அம்மா நாற்பது வரியைத் தள்ளிக் கீழே போய், தன் ஊருக்குப் போகிற பஸ் எது என்று தேடி, அது போய்விட்டதா இன்னும் வரவில்லையா என்று மனக்கணக்கும் போட வேண்டும். அதற்குள் பஸ்ஸே வந்துவிடும்.

அதனால் நடுவர் சொன்ன ‘ரிச்’ என்ற வார்த்தையோடு எனக்கு உடன்பாடில்லை என்றாலும், உங்கள் பக்கத்தில் ஏதோ குறைகிறது என்று அவருக்குத் தோன்றியது சரிதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்தது அனிமேஷன் இல்லை. அந்தப் பக்கம் உங்களுக்கு எளிது, பஸ்ஸுக்கு நிற்பவருக்கு எளிது இல்லை. இரண்டும் வேறு வேறு. ஒரு பக்கத்தில் இருக்கும் சிக்கல் காணாமல் போவதே இல்லை, யாராவது ஒருவர் அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். நீங்கள் மூன்று மணி நேரத்தில் ஒருமுறை சுமக்கலாம், இல்லையென்றால் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் சுமப்பார்கள்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் செய்து கொடுத்தேன். ஐந்து பெரிய படங்கள், ஒன்று மாற்றி ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கத்தில் வேறு எழுத்தே கிடையாது, அப்போது அதைத்தான் நான் எளிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். ‘தம்பி, எல்லாம் பிரமாதமா இருக்கு, போன் நம்பர் எங்கப்பா?’ தொடர்புக்கு என்ற பக்கத்தில், ஒரு படிவத்துக்குக் கீழே வைத்திருந்தேன். மண்டபம் தேடி வருகிறவர் கேட்பது இரண்டே கேள்வி: அந்தத் தேதி காலியா, வாடகை எவ்வளவு. இரண்டுக்கும் போன்தான் போட வேண்டும். அந்த ஐந்து படத்தையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு படம், அதன் கீழே கட்டைவிரல் அளவுக்கு நம்பர், தொட்டாலே டயல் ஆகிற மாதிரி, அதற்குக் கீழே எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கு. அதைச் செய்ய எனக்கு அரை நாள் ஆனது. என்ன செய்ய வேண்டும் என்று புரிய ஒரு வாரம் ஆகியிருந்தது.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருவோம். நான் அதில் கை வைப்பதாக இருந்தால் முதலில் எழுத்தைக் கருப்பாக்குவேன். சாம்பல் எழுத்து ஒரு ஃபேஷன் நோய், டிசைன் தளங்களில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று வெப் அணுகல் நெறிமுறையிலேயே இருக்கிறது, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நிறத்தைத் தொட்டால் அந்த எண்ணைக் காட்டும். நான் அதற்கும் மேலே போகச் சொல்வேன், உங்களுடையது வெயிலில் படிக்கிற பக்கம். வரிக்கு வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், தமிழில் மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு வளைவும் இருந்துகொண்டே இருக்கும், ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளி நமக்குப் போதாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் டேகில் குறிக்கவில்லை நீங்கள், அதைப் போடுங்கள், கண் தெரியாதவர் போனில் இருக்கும் வாசிப்பு வசதிக்கு எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று அதிலிருந்துதான் தெரியும்.

அப்புறம் முக்கியமான வேலை. பக்கத்தின் தலையில், பெரிய எழுத்தில், அடுத்து வரும் மூன்று பஸ்கள். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, இன்னும் எத்தனை நிமிடத்தில். மீதி முழுப் பட்டியலும் கீழே, ஊர் வாரியாக, தொட்டால் விரிகிற மாதிரி. அதற்கு எச்டிஎம்எல்லிலேயே டீடெயில்ஸ் என்று ஒரு டேக் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். அடுத்த பஸ் கணக்குக்கு மட்டும் பதினைந்து இருபது வரி எழுத வேண்டிவரும். எல்லா நேரத்தையும் நள்ளிரவிலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாலை 5.40 என்பது 17ஐ 60ஆல் பெருக்கி 40 கூட்டினால் 1060. இப்போதைய நேரத்தையும் அப்படியே மாற்றினால், அதைவிடப் பெரிய முதல் மூன்று எண்கள்தான் விடை. இவ்வளவுதானே என்று விட்டுவிடாதீர்கள். ராத்திரி கடைசி பஸ் போன பிறகு ஒருவர் திறந்தால் என்ன ஆகும்? பெரிய எண் ஒன்றும் இல்லை, தலையில் வெற்றிடம் வரும். பக்கம் உடைந்துபோனதா, பஸ்ஸே இல்லையா என்று அவருக்குத் தெரியாது. ‘இன்று இனி பஸ் இல்லை, நாளை முதல் பஸ் காலை இத்தனை மணி’ என்று அங்கே ஒரு வரி வர வேண்டும். அந்த ஒரு வரிக்காக இன்னொரு ஐந்து நிமிடம் செலவு செய்கிறவனைத்தான் நான் நல்ல வேலைக்காரன் என்பேன்.

இதெல்லாம் சேர்ந்தால் உங்கள் 9 கேபி 11 கேபி ஆகும். ஆகட்டும். 9 என்பதில் எந்தப் புனிதமும் இல்லை.

ஆனால் ஒன்று, கேபி கணக்கு பார்க்கிற உங்கள் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. சர்வர் ஒரு புது இணைப்பில் முதல் தவணையாக ஏறத்தாழ பத்துத் தகவல் பாக்கெட்தான் அனுப்பும், அதாவது சுமார் 14 கேபி. அதை போன் வாங்கிக்கொண்டு ‘வந்துவிட்டது’ என்று பதில் சொன்ன பிறகுதான் அடுத்த தவணை. சிக்னல் ஒரு புள்ளியில் ஊசலாடுகிற இடத்தில் இந்தப் போக்குவரத்து ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிற தாமதம். முழுப் பக்கமும் அந்த முதல் தவணைக்குள் அடங்கிவிட்டால், தொட்டதும் திறக்கிறது என்ற உணர்வு வருகிறது. அந்தச் சுற்றும் உருண்டைக்குப் பின்னால் இருக்கிற முப்பரிமாண லைப்ரரி மட்டுமே சில நூறு கேபி வரும். இறங்கினால் மட்டும் போதாது, போனின் பிராசஸர் அதைப் படித்து ஓட்டவும் வேண்டும். ஒரே அளவுள்ள படத்தைவிட ஜாவாஸ்கிரிப்ட் கனமானது என்று சொல்வது அதனால்தான். நூறு வரை எண்ணுகிற லோடிங் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கம் கனமாக இருக்கிறது என்பதையே ஓர் அலங்காரமாக மாற்றிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் மனசில்லை. மூன்று மணி நேரத்தில் ஓர் உருண்டையைச் சுற்ற வைத்து, அதில் பிழை வராமல் புரொஜெக்டரில் காட்டுவது திறமைதான். நானும் சில கல்லூரிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று உள்ளபடி சொல்கிறேன். இருபது அணி, ஆளுக்கு நாலைந்து நிமிடம், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கல்லூரியின் வைஃபையில் ஓடுகிற லேப்டாப், ஃபேன் காற்று, பெரிய திரை. எந்தப் பக்கமும் அங்கே வேகமாகத்தான் இருக்கும், எந்த எழுத்தும் அங்கே தெரியத்தான் செய்யும். உங்கள் பக்கத்தின் நல்ல குணம் எதுவும் வெளிப்பட முடியாத ஒரு சூழ்நிலை அது. அசைகிற பொருளைத்தான் கண் பிடித்துக்கொள்ளும். நானே அப்படி ஒரு முறை பரிசு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை என் போனில் திறந்து, மெனு பட்டன் திரைக்கு வெளியே கிடந்ததைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்திருக்கிறேன்.

எளிமையான பக்கத்தைக் காட்டும் விதம் வேறு. நடுவர் கையில் உங்கள் போனைக் கொடுத்துவிடுங்கள். ‘சார், நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள், இன்ன ஊருக்கு அடுத்த பஸ் எப்போது என்று பாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு செகண்டில் அவர் விடை சொல்லுவார். அப்புறம் ஏரோபிளேன் மோடைப் போட்டு மறுபடி திறக்கச் சொல்லுங்கள். ஒருமுறை திறந்த பக்கத்தை நெட் இல்லாமலும் திறக்க வைக்க சர்வீஸ் வொர்க்கர் என்று ஒன்று இருக்கிறது, சின்னப் பக்கத்துக்குப் பத்திருபது வரியில் முடிந்துவிடும். முடிந்தால் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தை 3ஜிக்குக் குறைத்து ஒருமுறை திறந்து காட்டுங்கள். அடுத்த அணியின் பக்கத்தையும் அப்படித் திறக்கச் சொல்லி வம்பு பண்ண வேண்டாம், அது அவர்களாகவே யோசித்துக்கொள்வார்கள்.

பரிசு வேறு பக்கம் போகிறது என்று சலித்துக்கொள்கிறீர்கள். எல்லாப் போட்டியும் அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் என்பவர் ‘ஃபைவ் கே’ என்று ஒரு போட்டி நடத்தினார், பின்னால் ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளம், ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலி இரண்டையும் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு முழு வலைத்தளம், படம், புரோகிராம் எல்லாம் சேர்த்து 5,120 பைட்டுக்குள். 2010இல் ‘ஜேஎஸ்1கே’ வந்தது, அதில் 1,024 பைட்தான். 2016இல் நடந்த ‘10கே அபார்ட்’ போட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. பக்கம் 10 கேபிக்குள் பயன்படும்படி இருக்க வேண்டும், அதோடு ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். உங்கள் பஸ் பக்கத்துக்கும் அந்த விதியை வைத்துக்கொள்ளலாம்: ஸ்கிரிப்ட் ஓடினால் அடுத்த மூன்று பஸ் மேலே வரும், ஓடாவிட்டால் முழுப் பட்டியல் அப்படியே இருக்கும், யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

நீங்கள் உடனே கலந்துகொள்ளக் கூடியது ‘ஜேஎஸ்13கே கேம்ஸ்’. 2012இலிருந்து வருஷா வருஷம் நடக்கிறது, ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை. பிரவுசரில் ஓடுகிற ஒரு விளையாட்டு, ஜிப் செய்தால் 13 கேபி, கணக்காகச் சொன்னால் 13,312 பைட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஃபான்டோ லைப்ரரியோ இழுக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு கருப்பொருள் கொடுப்பார்கள், 2020இல் கொடுத்தது ‘404’. ஓவியமும் இசையும் ஃபைலாக வைத்தால் அதற்கே இடம் போய்விடும், அதனால் படத்தைப் புரோகிராமிலேயே வரைகிறார்கள், சத்தத்தைப் புரோகிராமிலேயே உண்டாக்குகிறார்கள். அந்த ஒரு மாதம் உட்கார்ந்தால், எது இல்லாமலும் ஒரு விளையாட்டு விளையாட்டாக இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தமிழில் செய்ய நினைத்தால் ஒரு சின்ன வேடிக்கை. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதிலும் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. ‘பேருந்து’ நமக்கு நான்கு எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டுக் குறியீடு, 24 பைட். ‘பஸ்’ என்றால் 9 பைட்டில் முடிந்துவிடும்! தமிழ் ஆசிரியர்கள் மன்னிக்கட்டும். இதைக் கேட்டுப் பயந்து ஆங்கிலத்துக்கு ஓட வேண்டாம். தமிழ்க் குறியீடுகளின் மூன்று பைட்டில் முதல் இரண்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் ஜிப் செய்யும்போது நன்றாகவே சுருங்கும். தனித் தமிழ் ஃபான்டும் ஏற்றாதீர்கள், இப்போது எல்லா போனிலும் தமிழ் ஃபான்ட் இருக்கிறது.

இந்தப் பைட் போட்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜெயிக்கும் புரோகிராமைத் திறந்து பாருங்கள், எழுதியவருக்கே ஒரு மாதம் கழித்துப் புரியாது. வேரியபிள் பேரெல்லாம் ஓரெழுத்து, ஒரே வரியில் ஏழு வேலை. சிறியது வேறு, எளியது வேறு. எதை விட்டுவிடலாம் என்று யோசிக்கிற பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், எழுதுகிற பாணியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பாணியோடு ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

இனி மதியத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் காலைக் கதையைவிட இதுதான் சுவாரசியமாக இருந்தது. காலையில் ஒரு லைப்ரரியைக்கூடத் தொடாத ஆள், மதியம் ஆனதும் இருப்பதிலேயே பெரிய ஆயுதத்தைத் தூக்கியிருக்கிறார். என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ‘சிம்பிளா இருக்கே’ என்று ஒருவர் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், கேள்வியில் ‘எல் முதல் ஆர் வரை கூட்டுத்தொகை’ என்று பார்த்ததும் கை தானாக செக்மென்ட் ட்ரீ எழுதத் தொடங்கியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய கேள்வியை மறுபடி படியுங்கள். 2 லட்சம் எண்கள், 2 லட்சம் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எல் என்ற இடம் முதல் ஆர் என்ற இடம் வரையுள்ள பகுதியின் கூட்டுத்தொகை. நடுவில் எந்த எண்ணும் மாறுவதாக எங்கேயும் இல்லை. செக்மென்ட் ட்ரீயின் பிழைப்பே எண்கள் மாறிக்கொண்டிருக்கும்போதுதான். மாறவில்லை என்றால் வீட்டு இபி மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாசத்துக்கு எவ்வளவு யூனிட் ஓடியது என்று பார்க்க ரீடிங் எடுக்க வருகிறவர் ஒவ்வொரு நாள் கணக்கையும் கூட்டுவதில்லை, இன்றைய ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழிக்கிறார். முதலிலிருந்து ஒவ்வொரு இடம் வரைக்குமான கூட்டுத்தொகையை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், ஆர் வரைக்குமானதிலிருந்து எல்லுக்கு முந்தியது வரைக்குமானதைக் கழித்தால் விடை. உங்கள் நண்பன் சொன்ன பிரிஃபிக்ஸ் சம் இதுதான், ஆறேழு வரி. உங்கள் மரத்துக்கு எழுபது வரி ஆகியிருக்கிறது, பிழை எங்கே என்றும் பார்த்துவிட்டேன்: மரத்தை வைக்கிற அரேயை எண்களின் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்குக்குத்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள், நீங்கள் எழுதிய முறைக்கு நான்கு மடங்கு வேண்டும்.

அதையும் தாண்டி ஒரு படி இருக்கிறது. 2 லட்சம் என்பதற்குப் பதில் ஆயிரம் எண், ஆயிரம் கேள்வி என்று கொடுத்திருந்தால் மீட்டர் வித்தைகூட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் நேராகக் கூட்டினால் அதிகபட்சம் 10 லட்சம் கூட்டல், ஒரு செகண்டுக்குச் சுமார் பத்துக் கோடி என்ற தோராயக் கணக்கில் அது தூசு. 2 லட்சத்துக்கு அதே வழியில் போனால் 4,000 கோடி, நிச்சயம் டைம் லிமிட் தாண்டும். அதனால் கேள்வியின் கதையைப் படிக்கும் முன்பே கடைசியில் கொடுத்திருக்கும் அளவுகளைப் படிக்கிற பழக்கம் வேண்டும். எவ்வளவு எளிமை இங்கே தாங்கும் என்று அந்த எண்கள்தான் சொல்லும். கல்லூரி அணிகளுக்கான உலகக் கோடிங் போட்டியான ஐசிபிசியில் மூன்று பேருக்கு ஒரே கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம், முடித்த கேள்வியில் ஒவ்வொரு தப்பான சமர்ப்பிப்புக்கும் 20 நிமிடம் தண்டம். எழுபது வரியில் பிழை தேடிக்கொண்டு ஒருவர் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எளிய விடைக்கும் ஓரம் உண்டு, அங்கேதான் கால் இடறும். கோடிங் போட்டித் தளமான கோட்ஃபோர்ஸஸின் 4ஏ கேள்வி, தர்ப்பூசணி, நீங்களும் போட்டிருப்பீர்கள். பழத்தை இரண்டு பேரும் இரட்டைப்படை கிலோவாகப் பிரிக்க முடியுமா என்று கேட்பார்கள். எடை இரட்டைப்படையா என்று பார்த்தால் முடிந்தது என்று எல்லோரும் எழுதுவார்கள், 2 கிலோவில் மாட்டிக்கொள்வார்கள். 2ஐப் பிரித்தால் ஒன்றும் ஒன்றும்தான். அதே தளத்தின் 1ஏ கேள்வி அதைவிட அழகு. ஒரு சதுக்கத்தைச் சதுரக் கற்களால் மூட எத்தனை கல் வேண்டும்? நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை, இரண்டையும் பெருக்கு, வீட்டுக்கு டைல்ஸ் போடுகிற மேஸ்திரி போடுகிற கணக்குதான். ஆனால் அளவுகள் 100 கோடி வரை போகலாம் என்று கொடுத்திருப்பார்கள். கல் 1க்கு 1 என்றால் பெருக்குத்தொகை பத்தின் 18ஆம் அடுக்கு. இன்ட் என்ற சாதாரண எண் வகை 214 கோடியோடு நின்றுவிடும், லாங் லாங் என்ற பெரிய வகை வேண்டும். தசம எண்ணில் போட்டு அப்படியே அச்சடித்தால் விடை அடுக்குக்குறி வடிவத்தில் வந்து அதற்கும் ‘ராங் ஆன்சர்’ வாங்கலாம். இரண்டு வரி புரோகிராம், அதில் இத்தனை யோசனை. உங்கள் பஸ் பக்கத்தில் கடைசி பஸ்ஸுக்கு அப்புறம் வருகிற வெற்றிடமும் அந்த 2 கிலோ தர்ப்பூசணியும் ஒரே ஜாதி.

ரியாக்ட் கேட்டிருந்தீர்கள். படியுங்கள், தாராளமாகப் படியுங்கள், கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பார்கள், வேலையிலும் வரும். நிறைய ஆட்கள் சேர்ந்து வருஷக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்கிற பெரிய செயலிக்கு அது தேவைதான். 64 வரி அட்டவணைக்கு வேண்டாம். செக்மென்ட் ட்ரீயையும் ஒருமுறை பிழையில்லாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எண்கள் மாறுகிற கேள்வி ஒருநாள் வரும். அனிமேஷனும் தீண்டத்தகாதது இல்லை. அடுத்த பஸ் புறப்பட்டதும் அந்த வரி மெல்ல மறைந்து கீழே இருப்பது மேலே ஏறினால் கண்ணுக்கு விஷயம் புரியும், பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி.

பக்கத்தைத் திருத்தி முடித்ததும் எனக்கு லிங்க் அனுப்புங்கள், மறுபடி வெயிலில் நின்று பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை. கடைசி பஸ் 9.40 என்று போட்டிருக்கிறீர்கள், எந்தத் தேதியில் எடுத்த நேரம் என்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அது ஓடுகிறதா? டைம் கீப்பர் அறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.